பாக்கியத்தின் கொல்லையில் நான்கு குச்சிகள்

அப்பு,

டிரைவர் இந்தக் காகிதக் கட்டை உன் கையில் கொடுக்கும்போது, பெரியவர் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். போடியிலிருந்து தோட்டத்துக்கு ஜீப்பில் வந்து நேரிலேயே சொல்லியிருக்கலாம். உன் அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். காலையிலிருந்து நான் கண்ணாடியைப் போடுவதும் கழற்றுவதுமாக எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வார்த்த பேசுறதுக்கு இம்புட்டுக் காகிதமா? வெரசா ஜீப்புல ஏறிப் போயிட்டு வந்திரலாம்ல" என்றாள். அவளுக்குத் தெரியாததா? நாம் இருவரும் நேரில் உட்கார்ந்தால் மூன்றாவது பேச்சிலேயே குரல் உயர்ந்துவிடும். என் கோபம் உனக்கு அப்படியே வந்திருக்கிறது, மூக்கு மட்டும்தான் அம்மா வழி. காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. நானும் பாதியில் எழுந்து போக முடியாது. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு, சரிதானா?

உன் கல்யாணத்துக்கு முன் ஏலக்காய்த் தோட்டத்தை உன் பேருக்கு எழுதிவைத்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. போன மாதம் நீயும் மருமகளும் வந்திருந்தபோது இரண்டு நல்ல செய்தி சொன்னாய். நம் தேவாலயச் சபையின் செயலாளர் பொறுப்புக்கு உன்னை நிற்கச் சொல்லிப் பெரியவர்கள் கேட்கிறார்கள் என்றும், நீயும் சரி சொல்லிவிட்டாய் என்றும். நான் பதினோரு வருடம் உட்கார்ந்த நாற்காலி அது. இரண்டாவது, கோயிலுக்கு ஒரு மணிக்கோபுரம் கட்டித் தரப்போகிறாய், அதில் பதிக்கும் கல்லில் என் பெயரைப் போடப்போகிறாய் என்பது. கோபுரம் கட்ட வேண்டுமானால் மகசூல் கூட வேண்டும். கூடுகிற காயை உலர்த்த இப்போதிருக்கும் ஸ்டோர் போதாது. அதனால் வேலையாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், ஊற்றை ஒட்டிய அந்தத் துண்டு நிலத்தில் புது ஸ்டோர் எழுப்பக் குச்சி அடித்தாயிற்று என்றாய். "அங்க நம்ம சபை பாக்கியம் கொஞ்சம் ஏலச்செடி வச்சிருக்குப்பா. அதுக்குக் கீழ ஓடப்பக்கம் இதவிட நல்ல எடமாத் தர்றேன்னு சொல்லிட்டேன்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். உன் அம்மா மட்டும் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு, உனக்குத் தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீ மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்த காலம் அது. அந்த வருடம் தோட்டத்தில் பச்சைக்காய் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஏலக்காய் எட்டிப் பறிக்கிற உயரத்தில் காய்ப்பதில்லை, செடியின் தூரில் மண்ணை ஒட்டிக் காய்க்கிறது. பெண்கள் நாள் முழுக்கக் குத்தவைத்துக் குனிந்து பறிக்கிறார்கள். அப்படிக் குனிந்திருக்கும்போது ஒரு கைப்பிடியைச் சேலை மடியில் செருகிக்கொள்வது லேசு, பார்க்கிறவனுக்குத் தெரியாது. குரங்கணியில் யாரோ அப்படி வருகிற காயை வாங்குகிறான் என்று பேச்சு வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. திருடு போன காயின் விலை பெரிதில்லை, என்னை ஏமாற்றுகிறார்களே என்ற எரிச்சல்தான் பெரிது. சாயங்காலம் வாசலில் காயை நிறுக்கும் முன்னால், ஒவ்வொரு பெண்ணும் கங்காணி எதிரில் மடியை அவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டேன். கங்காணிதான் அந்த யோசனையைச் சொன்னார் என்று வெகுகாலம் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அவர் சொல்லவில்லை. அது என் மண்டையில் உதித்தது.

பாக்கியம் அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி. சிலமலைக்காரி. புருஷன் மரம் சாய்ந்து செத்துப்போக, ஒரு பெண் குழந்தையோடு நம் லயத்துக்கு வந்தவள். தோட்டத்து ஆட்களில் நம் சபையைச் சேர்ந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான், அவர்களில் இவளும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலமே இறங்கிச் சிலமலையில் அக்கா வீட்டில் தங்கி, ஞாயிறு காலை பஸ் பிடித்துக் கோயிலுக்கு வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு மேடையிலிருந்து நான் பெயர்களை வாசிக்கும்போது அவள் "சகோதரி பாக்கியம்." திங்கட்கிழமை தோட்டத்தில், "ஏ பாக்கியம், என்ன வேடிக்க, சோலியப் பாரு." ஒரே வாய்தான் இரண்டையும் சொன்னது. அதில் ஏதோ இடிக்கிறது என்று பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை என்றால் நம்புவாயா?

அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்பது உனக்குத் தெரியும். அவரவர் விளைச்சலில் முதலில் வந்ததைக் கொண்டுவந்து பீடத்தில் வைப்பார்கள். வாழைத்தார், பூசணி, நெல், சேவல், இரண்டு முட்டை. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அவற்றை ஏலம் விட்டுப் பணத்தைச் சபைக்குச் சேர்ப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் ஒரு முட்டைக்குப் போட்டி போட்டு விலையை ஏற்றி, அது பக்தி என்று நினைத்துக்கொள்வோம். அந்த வருடம் நான் முதல்தரக் காயாக ஒரு மூட்டை வைத்திருந்தேன். வெள்ளைத்துணி மூட்டை, மேலே பெயர் எழுதிய அட்டை. செயலாளர் என்பதால் பீடத்தருகே நின்று, வருகிறவர்களின் காணிக்கையை வாங்கி ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் வரிசையில் வந்தாள். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். அதை அவிழ்த்துத் தட்டில் கொட்டினாள். இரண்டு கைப்பிடி ஏலக்காய். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீளமாக, முனை கூராக இருக்கும் அந்தக் காய், போடிமெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் விதை கொண்டுவந்து வளர்த்த ரகம். இந்தச் சரிவில் அது வேறு யாரிடமும் கிடையாது. இரண்டு மாதமாக உள்ளே புகைந்துகொண்டிருந்தது அந்த நிமிடத்தில் மேலே வந்துவிட்டது.

"பாக்கியம், இது ஏது?" என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன் என்று என்னையே நான் ஏமாற்றிக்கொண்டதுண்டு. உன் அம்மா எட்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

"ஏங் காயி மொதலாளி."

"ஒனக்கு ஏது தோட்டம்?"

பின்னால் யாரோ ஒருவர் சிரிப்பதுபோலச் செருமினார். பாக்கியம் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு, இரண்டு மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் என்ன செய்து பழகியிருந்தாளோ அதைச் செய்தாள். ஓரடி பின்னால் போய், பீடத்துக்கு எதிரில், சேலை மடியை அவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்து உதறினாள். எதுவும் விழவில்லை. மடியைத் திரும்பச் செருகிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அழுதுகொண்டு வெளியே ஓடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போதகர் ஆசீர்வாதம் கூறி முடிக்கும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்கு எழுந்து நின்றாள், ஜெபத்துக்கு முழங்காலிட்டாள். ஏலம் கூறுகிற வாத்தியாரிடம் அந்தத் தட்டை மட்டும் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். அவர் சேவலைத் தூக்க, அது திமிறிப் பறக்க, எல்லாரும் சிரித்து எல்லாம் சகஜமாகிவிட்டது. நானும் சிரித்தேன். அந்தச் சேவலை நான்தான் எடுத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உன் அம்மா தேரடியில் நின்று என் பக்கம் திரும்பினாள். பிறகு, "கோயில்ல ஆண்டவருக்குக் கங்காணி வேல பாக்க எப்பச் சேந்தீக?" என்று மட்டும் கேட்டாள். நான் கத்தினேன். திருடிக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்றேன். அவள் அந்தச் சேவலை அடிக்கவும் இல்லை, சமைக்கவும் இல்லை. அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். பழைய கங்காணியை உனக்கு ஞாபகம் இருக்கும், காதில் கடுக்கன் போட்டிருப்பார். நம்மிடம் அவ்வளவாகப் பேச மாட்டார். அன்றைக்கு அவரே என்னை லயத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஊற்றுக்குப் பக்கத்தில் பாறை இடுக்கில் கூடை கூடையாக மண் சுமந்து போட்டிருந்தது. அதில் இருபது முப்பது ஏலச்செடி. சில கோணலாக, சில குட்டையாக. "மூணு வருசத்துக்கு முன்ன நாத்துல மிஞ்சுனது, வேர் முறுக்குனது, வளஞ்சதுன்னு கழிச்சுக் கட்டி ஓடையில கொட்டச் சொன்னீகல்ல மொதலாளி? அதுல கெடந்ததப் பொறுக்கியாந்து வச்சிருக்கு. சோலி முடிஞ்சு வந்து தண்ணி ஊத்தும். இந்த வருசந்தான் மொத காப்பு" என்றார். என் ரகம் என்று நான் கண்டுபிடித்தது சரிதான், அப்பு. நான் குப்பையில் எறிந்த என் ரகம். அவள் வளர்த்து, முதலில் காய்த்ததைத் தன் கஞ்சிக்குக்கூட விற்காமல் கோயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். கங்காணி திரும்பி நடக்கும்போது, நம் வேதம் எதையும் அறியாத அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னார். "எங்க ஊர்ல பொம்பளைக மொளப்பாரி தூக்கிட்டு வருவாக. வெதை யாரு வீட்டுதுன்னு எங்க ஆத்தா கேட்டதில்ல."

அன்றைக்கே, லயத்தின் கடைசி வீட்டுக்கு நடந்துபோய், "பாக்கியம், நான் செய்தது தப்பு" என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஐம்பது தப்படிகூட இருக்காது. நான் போகவில்லை. முதலாளி போய் லயத்து வாசலில் நிற்பதா என்று ஒருநாள், நாளைக்குப் போகலாம் என்று ஒருநாள், இனிமேல் போனால் அவளுக்குத்தான் சங்கடம் என்று ஒருநாள். அந்த இடத்தை யாரும் தொட வேண்டாம் என்று மட்டும் கங்காணியிடம் சொல்லிவைத்தேன். அதையே பெரிய தர்மம் என்று எண்ணிக்கொண்டேன். மடி உதறும் வழக்கத்தையாவது நிறுத்தினேனா? நிறுத்தினால் நான் தோற்றதாகிவிடும் என்று அதையும் நிறுத்தவில்லை. அது இன்றைக்கும் உன் தோட்டத்து வாசலில் நடக்கிறது.

அவள் கொட்டிய காய் என்ன ஆயிற்று தெரியுமா? கோயிலைக் கூட்டி மணியடிக்கிற பெரியவர் அதை அவளிடமே திருப்பிக் கொடுக்கப் போனாராம். "வச்சது வச்சதுதான், எடுக்க மாட்டேன்" என்றுவிட்டாளாம். போதகர் அங்கி மாற்றும் அறையில் அது அப்படியே கிடந்து மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. பிறகு யாரோ கொட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் பாக்கியம் எந்த ஞாயிறும் கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை. ஆனால் எந்த அறுப்பின் பண்டிகைக்கும் எதையும் கொண்டுவந்ததில்லை.

அதன் பிறகுதான் நான் பெரிய கொடையாளி ஆனேன். இதை நீ கவனித்திருக்க மாட்டாய், ஏனென்றால் உன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கொடையாளி அப்பாதான். முதலில் கோயிலுக்கு மின்விசிறி. அடுத்த வருடம் கூரைக்குப் புது ஓடு. அதற்கடுத்து மணி. ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டிய கல். ஒவ்வொரு முறையும் போதகர் சபை முன்னால் எனக்காக ஜெபித்தார். நான் தலையைக் குனிந்து நிற்பேன். எல்லாரும் தாழ்மை என்று நினைத்தார்கள். எட்டாவது பெஞ்சிலிருந்து இருவர் மட்டும் வேறு விதமாகப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆமாம், அந்த ஞாயிறு தொட்டு உன் அம்மா பாக்கியத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாள். நீ மணிக்கோபுரத்தில் என் பெயரைப் போடுவதாகச் சொன்னபோது எனக்கு ஏன் முகம் மாறியது என்று இப்போது புரிகிறதா? வெட்கமாக இருந்தது. நான் கொடுத்ததெல்லாம் ஐம்பது தப்படி நடக்க மாட்டாமல் கொடுத்தது.

கொடுப்பதைப் பற்றி இந்த வயதில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எனக்குப் பிடித்ததை, எனக்கு வசதியானதை, ஊர் பார்க்கிற இடத்தில் கொடுப்பது எனக்கு ஒருபோதும் கஷ்டமாக இருந்ததில்லை. கையில் இருந்தது, கொடுத்தேன். எதிரில் இருக்கிறவர் என்ன கேட்கிறார் என்று காது கொடுத்து, அதைக் கொடுப்பதுதான் கஷ்டம். அது பெரும்பாலும் சின்னதாக இருக்கிறது, அதற்குக் கல்வெட்டும் வைக்க முடிவதில்லை. பீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னாரே, அந்த வாசகத்தைச் சபையில் எத்தனையோ முறை நான் உரக்க வாசித்திருக்கிறேன். அதில் ஒரு சின்ன விஷயத்தை இப்போதுதான் கவனித்தேன். உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால். நான் யார்மேலும் வருத்தம் வைக்காதவன் என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தவனுக்கு அதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

இன்னொன்று. ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கேட்டு, அவன் மறுத்ததால் அவன் உயிரே போன கதையை நீ ஓய்வுநாள் பள்ளியில் படித்திருக்கிறாய். நாம் அதைக் கொடுங்கோலன் கதையாகவே படித்துவிட்டோம். திரும்பப் படித்துப் பார். ஆகாப் முதலில் நியாயமாகத்தான் பேசுகிறான். என் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறது, எனக்குத் தேவைப்படுகிறது, இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் விலை தருகிறேன் என்கிறான். இதைவிட நல்ல இடம். அப்பு, உன்னைக் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீ அதைச் சொன்னபோது தலையாட்டியவன் நான். கிடைக்கவில்லை என்றதும் ஆகாப் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்றானாம். நம் வீட்டு ஆண்களுக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும் என்று உன் அம்மா சொல்கிறாள். நம்மைப் போன்றவர்களுக்கு நியாயமான விலை பேசத் தெரியும். எதிராளி வேண்டாம் என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளத் தெரியாது. நீ நாளைக்குச் செயலாளர் நாற்காலியில் உட்காரும்போது கணக்கு, கட்டடம், கூட்டம் எல்லாம் என்னைவிட நன்றாகவே பார்ப்பாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை. உன்னிடம் ஒருவர் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள். என்னிடம் யாராலும் சொல்ல முடியாதிருந்தது.

இனி நான் செய்த ஒரு காரியத்தை ஒப்புக்கொள்கிறேன். நீ ஸ்டோருக்குள் அனல் ஓடும் தகரக்குழாய் பார்க்க மதுரைக்குப் போன செவ்வாய்க்கிழமை, உன்னிடம் கேட்காமல் உன் தோட்டத்துக்குப் போனேன். முழங்கால் வலியோடு லயம் வரை நடந்தேன். அந்த ஐம்பது தப்படிக்கு எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. பாக்கியம் இப்போது காய் பறிக்கப் போவதில்லை, இடுப்பு விட்டுவிட்டது. மகள்தான் போகிறாள். செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காய்ந்த மட்டையைக் கழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று நானும் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "அன்னைக்குக் கோயில்ல உன்னக் கேட்டேன்ல பாக்கியம். அது தப்பு. என்னைய மன்னிச்சுரு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் மட்டையைக் கழிப்பதை நிறுத்தவில்லை. "அது ஆச்சு எம்புட்டோ காலம்" என்றாள். இன்னொரு மட்டையை இழுத்துப் போட்டுவிட்டு, "மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன் மொதலாளி? சின்னவரு வந்து நாலு குச்சி அடிச்சுட்டுப் போயிருக்காரு. அதப் புடுங்கச் சொல்லுங்க. அது போதும்" என்றாள்.

"ஓடப்பக்கம் வேற எடம் தர்றேன்னு சொன்னானாமே?"

"நல்ல எடந்தான். ஆனா இந்த மண்ண நான் சொமந்தேன்" என்றாள்.

எழுந்துபோய் ஒரு குச்சியைப் பிடித்தேன். சவுக்குக் குச்சி, நன்றாக ஆழமாகத்தான் அடித்திருக்கிறாய். ஆட்டினால் வந்திருக்கும். பிறகு கையை எடுத்துவிட்டேன். இந்த நிலம் உன்னுடையது. நான் பிடுங்கினால் அது அப்பாவின் உத்தரவு, நீ பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்ப்படிவாய். இன்னொரு முதலாளியின் இரக்கம் அவளுக்கு எதற்கு? என்றைக்கு வேண்டுமானாலும் திரும்ப அடிக்கப்படுகிற குச்சி அது. நீ பிடுங்கினால்தான் அது பிடுங்கினதாகும். இதை அவளிடமும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், வாயில் பாதிப் பல் இல்லை. உள்ளே போய் ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். "இந்த வருசத்து மொத காப்பு. கொண்டுபோங்க. சின்னவரு குச்சியப் புடுங்கினா ஞாயித்துக்கெழம கோயில்ல வைங்க. புடுங்கலேன்னா வீட்ல பாயசம் வச்சுக் குடிங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டாகவும் சொல்லவில்லை.

முடிச்சை வேட்டி மடியில் செருகிக்கொண்டு இறங்கினேன். வாசலுக்கு வரும்போது சாயங்காலம் காய் நிறுக்கிற நேரம். பெண்கள் வரிசையில் நின்றார்கள். உன் புதுக் கங்காணி தராசுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருத்தியாகப் போய் மடியை உதறிவிட்டுக் கூடையை வைத்தார்கள். ஜீப்பு அந்தப் பக்கம் நின்றது, நான் பக்கவாட்டில் போயிருக்கலாம். என் மடியில் இருந்ததோ இந்தத் தோட்டத்துச் செடியின் வம்சத்துக் காய். நான் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். கங்காணி பதறி எழுந்து, "பெரிய மொதலாளி, நீங்க எதுக்கு நிக்கிறீக, வாங்க" என்றான். என் முறை வந்ததும் முடிச்சை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். வேட்டி மடியை அவிழ்த்து உதறினேன். "இது பாக்கியத்தோட காயி. அது தந்துச்சு" என்றேன். அப்பு, அதைச் செய்ய ஒரு நொடிதான் ஆகிறது. அந்த ஒரு நொடியில் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கங்காணிக்கும் தெரியவில்லை. பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் கீழே விழுந்த என் கைத்தடியை எடுத்துக் கொடுத்தாள். அவள் பாக்கியத்தின் மகள் என்று ஜீப்பில் ஏறிய பிறகு டிரைவர் சொன்னான். ஒன்பது வருடமாக அந்தக் குடும்பத்துப் பெண்கள் தினமும் செய்வதை நான் ஒருமுறை செய்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்த வழக்கத்தை நீ என்ன செய்வாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த நிலத்தை அவள் பேருக்கு எழுதிவை என்றும் சொல்லப்போவதில்லை. சொல்ல நாக்கு துடிக்கிறது, ஆனால் சொன்னால் அது மறுபடியும் எனக்குப் பிடித்த கொடை ஆகிவிடும். கோபுரம் கட்டுவதும் கட்டாததும் உன் இஷ்டம். கட்டினால் என் பெயர் மட்டும் வேண்டாம். அவள் கேட்டது நான்கு குச்சி. உன் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தில் எந்தக் குறையும் வராது, நீ எப்படி முடிவு செய்தாலும். இது சத்தியம். கோபத்தில் என் குரல் உயர்ந்த போதெல்லாம் இதைச் சொல்ல மறந்திருக்கிறேன், அதனால் எழுதி வைக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. அந்த முடிச்சு இதோ மேசைமேல், என் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் அவிழ்க்கவில்லை. எட்டரைக்கு முதல் மணி அடிப்பார்கள், நாம் கொடுத்த அந்த மணிதான். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். நீ பக்கம் பக்கமாகப் பதில் எழுத வேண்டாம். கோயிலா பாயசமா என்று ஒரு வார்த்தை டிரைவரிடம் சொல்லி அனுப்பு.

உன் அம்மா இன்னும் வெல்லம் வாங்கவில்லை.

உன் அப்பா